புள்ளிக்குக் காசு கிடையாது

உங்கள் பெயர் புள்ளியில் முடிகிறதா, புள்ளி இல்லாமல் முடிகிறதா? சிரிக்காதீர்கள். எங்கள் செங்கமடையில் இப்போது பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதலில் இதைத்தான் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு இதைத்தான் கேட்கிறார், குழந்தைக்குப் பெயர் வைக்கிற வீட்டில் பாயாசம் ஆறிப்போகிற வரைக்கும் இதைத்தான் பேசுகிறார்கள், அதனால் நானும் கதையை இங்கேயிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

என் பெயர் கோமதி. புள்ளி இல்லாத பெயர். என் வீட்டுக்காரர் பெயர் செண்பகராமன். கடைசியில் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியால் வந்ததுதான் எல்லாம்.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் உண்டாகியிருந்தபோது ஊரோடு வந்தார், வரும்போது கம்பெனி கழித்துப்போட்ட ஹீட் பிரஸ் மெஷின் ஒன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து முன்னறையில் இறக்கினார். தோசைக்கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தது மாதிரி இருக்கும். பனியனை விரித்து, ஸ்டிக்கர் தாளில் வெட்டிய எழுத்துகளை முதுகில் அடுக்கி, மேல்தட்டை இறக்கி அழுத்தினால் சூட்டில் பெயர் துணியோடு துணியாக ஒட்டிக்கொள்ளும். அவர் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலமானால் கபடி ஆடப் போய்விடுவார். வீட்டில் நான், மெஷின், தொட்டிலில் தர்ஷினி.

டவுன் கடையில் ஒரு டீமுக்கு மொத்தமாக எடுத்தால்தான் பெயர் போடுவார்கள், ஒற்றைப் பனியனோடு போனால் ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். நான் ஒற்றைக்கும் போடுவேன். போன வருசப் பனியனைத் துவைத்துக் கொண்டுவந்தாலும் போடுவேன். புதுத் தாள் வாங்கமாட்டேன், திருப்பூரில் வெட்டி எறிகிற துண்டுத் தாள்களைப் பார்சலில் வரவழைத்து, பிளேடால் எழுத்து எழுத்தாக நானே அறுப்பேன், அதனால் ஒரே பெயரில் செ பச்சையாகவும் ரா மஞ்சளாகவும் இருக்கும், பையன்கள் அதையும் ஒரு ஸ்டைல் என்று சொல்லிப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். புள்ளிகளுக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். காகிதத்தில் ஓட்டை போடுகிற பஞ்சிங் மெஷினில் மிச்சம் மீதித் துணுக்குகளைக் கொடுத்து அழுத்தினால் வட்ட வட்டமாகக் கொட்டும், ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன்.

செங்கமடைக்கும் உப்போடைக்கும் இறுதி ஆட்டம் என்று வந்தபோது, கபடிக் கழகத்துத் தலைவர் பொன்னுலிங்கம் மாமா பனியன் மூட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏ கோமு, எழுத்துக்கு இவ்வளவுன்னுதானே வாங்குதே. புள்ளிக்கும் உண்டாட்டி?"

"புள்ளிக்குக் காசு கிடையாது மாமா. அது இனாம்."

"அப்போ எம்பேருக்கு ஒண்ணு கூடவே வையி. கெடக்கட்டும்."

இனாம் என்பதால் புள்ளிகளை எப்போதும் கடைசியில்தான் வைப்பேன். அதுவும் மெஷினில் வைத்தால் நகர்ந்துவிடும் என்று, எழுத்தெல்லாம் ஒட்டி முடிந்த பிறகு இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொன்றாக அழுத்துவேன். வீட்டு ஆள்தானே என்று அவருடைய பனியனை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்திருந்தேன். ஆட்டத்தன்று காலையில் கரண்ட் போய்விட்டது. பெட்டியில் மிச்சமிருந்த சூட்டில் அவருடைய கடைசிப் புள்ளியை அழுத்தினேன், அது ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது, அவர் பனியனைத் தலைவழியே மாட்டும்போது கழன்று தரையில் விழுந்தது, தர்ஷினி அதை எடுத்து நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இருங்க அத்தான், கரண்ட் வரட்டும், வச்சுத் தாரேன்."

"பொட்டு நல்லாத்தான் இருக்கு, விடு. கடைசிப் புள்ளி இல்லாட்டா ஊருக்கு என்னை அடையாளம் தெரியாமலா போவும்?" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். முதுகில் செண்பகராமன என்று போனது.

ஆட்டம் கடைசிவரைக்கும் சரிக்குச் சரியாக வந்து நின்றது. கடைசிப் பாட்டு இவருடையது. எங்கள் பக்கத்து ஆட்டத்தில் கடிகாரம் கிடையாது, மூச்சுதான் கணக்கு. எதிராளியின் பாதிக்குள் கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய், ஒருவனைத் தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும். இவர் போனார். உப்போடை டீமின் கேப்டன் சூசைமிக்கேலின் தோளைத் தொட்டார். ஊரே எழுந்து கத்தியது. ஒரு எட்டு திரும்பி வந்தால் கோப்பை எங்களுக்கு.

அவர் திரும்பவில்லை.

மூச்சு முடியப்போகிறது என்று நெஞ்சு சொன்னால்தானே கால் திரும்பும்? அவருக்கு நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. பெயரின் கடைசி எழுத்து திறந்து கிடந்ததால் மூச்சும் திறந்து கிடந்தது, கபடி கபடி என்று பாடிக்கொண்டே உப்போடைப் பாதிக்குள் சுற்றினார், ஏழு பேரும் பாய்ந்து அவரை மண்ணோடு அமுக்கினார்கள், ஏழு உடம்புகளுக்கு அடியிலிருந்து கபடி கபடி என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது, பிடித்தவர்களுக்குக் கை மரத்து விட்டுவிட்டார்கள், அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் சுற்றினார். மறுநாள் விடிந்து பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

நடுவர் ஞானதுரை சார் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. "பாட்டு நிக்கல, மூச்சு அறல, ஆட்டம் முடியல. கோட்டை விட்டு வெளியே வந்தவன் அவுட்டு. வெளியாள் எவனும் உள்ளே கால் வைக்கப்படாது, வச்சா அந்த ஊரு தோத்ததாக் கணக்கு" என்று விசிலைக் கடித்துக்கொண்டே சொன்னார். உப்போடைக்காரர்கள் ஏழு பேரும் உள்ளே மாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் உள்ளே மாட்டினார். அவர் மாட்டியதால் நான் மாட்டினேன்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது? முதல் நாள் டீக்கடை மூக்கையா அண்ணாச்சி பெஞ்சைத் திடலுக்குத் திருப்பிப் போட்டார், அப்புறம் கடையையே திருப்பினார். மினி பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தைப் பாட்டு நிறுத்தம் என்று கூப்பிட ஆரம்பித்தார், இறங்குகிறவர்களும் அப்படியே டிக்கெட் கேட்டார்கள். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குத் தூங்கி அந்தச் சத்தத்துக்கு எழுந்தார்கள், காற்று மாறி அடித்துச் சத்தம் கேட்காத நேரம் தொட்டில் பிள்ளைகளெல்லாம் வீறிட்டு அழுதன. நெல் புடைக்கிறவர்கள் அந்தத் தாளத்துக்குப் புடைத்தார்கள். ஞானதுரை சார் கோட்டோரம் நாற்காலி போட்டுக் காலாண்டுப் பரீட்சைத் தாள்களை அங்கேயே திருத்தினார், தப்பு எழுதின பையன்கள் திட்டு வாங்கமாட்டோம் என்று நிம்மதியாக இருந்தார்கள், ஏனென்றால் அவர் வாயில் விசில் இருந்தது. கல்யாண வீடுகளில் மேளக்காரர்கள் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினால், "செண்பகராமனைப் பாத்துப் படிங்கய்யா" என்று கிண்டல் செய்தார்கள்.

அப்புறம் என் வாசலில் கூட்டம். பக்கத்து ஊர் டீம்கள் எல்லாம் பனியனோடு வந்து, "அக்கா, கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துருங்க" என்றார்கள். பஞ்சாயத்துக் கிளார்க் அருணாசலம் வந்தார், இளைப்பு நோய்க்காரர், பேசும்போது நெஞ்சு விசில் அடிக்கும், அவருக்குப் புள்ளி இல்லாமல் ஒரு பனியன் போட்டுக் கொடுத்தேன், அருணாசலம, அன்றிலிருந்து அவர் மாடிப்படியை ஓடி ஏறுகிறார். அந்த ஒன்றில் எனக்குச் சந்தோசம்தான். கீழத்தெரு ஜெபசீலன் என்கிற பொடியன் விக்கலோடு இருக்கும்போது புள்ளி இல்லாத பனியனை மாட்டிவிட்டான், விக்கல் நிற்கவே இல்லை, அவன் அம்மா பனியனைக் கழற்றி எறிந்தும் நிற்கவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனால் கதவு மூடியா இருக்கும்? திறந்த பெயரை மூடத்தான் வேண்டும். நான் அவனுக்குப் பனியனைத் திரும்ப மாட்டி, முதுகுக்கும் துணிக்கும் நடுவே மணைப்பலகையைச் சொருகி, பெட்டியைச் சூடாக்கி ஒரு புள்ளியை வைத்து அழுத்தினேன். ஒரு பெரிய விக்கல் வந்து, அதோடு நின்றது. பையன் தண்ணீர் கேட்டான்.

ஓடினேன் பொன்னுலிங்கம் மாமாவிடம்.

"மாமா, வழி கிடைச்சிட்டு. அவுகளை அசையாமப் பிடிச்சா ஒரு புள்ளி வச்சிரலாம், மூச்சு முடிஞ்சிரும், வீட்டுக்கு வந்துருவாக."

மாமா வெற்றிலையை மென்று முடித்தார். "பிடிச்சு வச்சிருக்கும்போது மூச்சு முடிஞ்சா என்னட்டி கணக்கு?"

மாமாவே பதிலையும் சொன்னார்.

"அவுட்டு. தோத்தோம். தொட்ட தொடு வீணாப்போவும். ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு அவன் இந்தப் பக்கம் திரும்பிட்டாம்னா கோப்பை நமக்கு. அவன் என்ன செத்தா போயிட்டான்? பாடிக்கிட்டுதானே இருக்கான்? உம் புருசனால ஊருக்குப் பேரு, நீ என்ன அழுதுக்கிட்டு வாரே."

"பேருக்குத்தான் மாமா புள்ளி இல்ல."

"ஜெயிச்சிட்டு வரட்டும், நாலு புள்ளியா வச்சுக்க."

அவர் கெட்ட மனுசர் இல்லை. தினமும் ஒரு செம்பு பால் என் வீட்டுக்கு அனுப்பினார். ஊரும் அப்படித்தான், வழியில் பார்க்கிற ஒவ்வொருத்தரும் என் கையைப் பிடித்து, "கொடுத்து வச்சவ" என்றார்கள், பிடித்த கையை விட மனசில்லாமல் நின்றார்கள், அவர்கள் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் மெஷின் ஆறிப்போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்பீர்கள். நான் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சூசைமிக்கேல் அண்ணன் கையை நீட்டி வாங்குவார். அவர் உப்பளத்துக்காரர், உள்ளங்கை வெடித்துத் தோல் உரிந்திருக்கும், அந்தக் கையால் டம்ளரை ஏந்திக்கொண்டு என் வீட்டுக்காரர் கூடவே நடந்து, க-வுக்கும் ப-வுக்கும் நடுவில் ஒரு மடக்கு, டி-க்கும் அடுத்த க-வுக்கும் நடுவில் ஒரு மடக்கு என்று ஊற்றுவார். ஒரு சொட்டுச் சிந்தமாட்டார். இவருக்குத் தாடி வளர்ந்தபோது நடந்துகொண்டே மழித்துவிட்டதும் அவர்தான். நடந்தபடியே இவர் கண் அசருகிற நேரத்தில், மற்றவர்கள்மேல் முட்டிவிடாத மாதிரித் தோளில் கை வைத்துத் திருப்பிவிடுவதும் அவர்தான்.

"எங்க அளத்துல உப்பு வாராமக் கெடக்கு தங்கச்சி. மழை வந்தா அம்புட்டும் கரைஞ்சிரும்" என்பார். "எம்பொண்டாட்டி வந்து கோட்டோரமா நின்னு அழுதுட்டுப் போறா. வெளிய ஒரு கால் வச்சா நான் அவுட்டு, எங்க ஊர்க்காரனுவ என்னைக் கடல்ல தூக்கிப் போட்ருவானுவ. உம் புருசன் சுத்துதான், நாங்க அவனைச் சுத்தி நிக்கோம்."

என் வீட்டுக்காரருக்குக் கபடியைத் தவிர வேறு வார்த்தை கிடையாது. அதனால் நான் அந்த ஒரு வார்த்தையைப் படித்துக்கொண்டேன். ப-வை அழுத்தினால் பசி. டி இழுத்தால் பிள்ளை எங்கே என்று அர்த்தம். கடகடவென்று வந்தால் என்னைப் பார்த்துச் சந்தோசம். தர்ஷினி அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள், அவளுக்கு அப்பா என்று சொல்லிக்கொடுத்தால் திடலைக் காட்டி, "கப்பி" என்பாள். அவர் பெயரே அதுதான் என்று நினைத்துவிட்டாள். யார் வீட்டு அப்பாவைப் பார்த்தாலும், வாய் மூடியிருந்தால் இவர் அப்பா இல்லை என்று என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

ஒருநாள் குளத்தில் துணி துவைக்கும்போது சண்முகவடிவு மதினி கேட்டாள், "ஏளா, கடைசிப் புள்ளி இல்லாட்டா ஒண்ணும் முடியாதுங்கியே. நம்ம பேருக்கெல்லாம் எப்போட்டி இருந்தது?"

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். கோமதி, இல்லை. வடிவு, இல்லை. செல்வி, இல்லை. பேச்சி, இல்லை. ராணி, இல்லை. கல்லுக்குக் கல் பெயரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பானை கழுவினால் மறுபடியும் பானை, துணி துவைத்தால் மறுபடியும் துணி, ஒரு பிள்ளைக்குச் சளி இறங்கினால் அடுத்ததற்குக் காய்ச்சல், ஒரு வேலையும் முடிகிறதே இல்லையே என்று நாங்களெல்லாம் எங்களைத்தானே திட்டிக்கொண்டிருந்தோம். அம்மாள் என்று முடிகிறவர்களுக்கு மட்டும் புள்ளி உண்டு. "அதான் அவுக மட்டும் மத்தியானம் தூங்குதாக" என்றாள் வடிவு மதினி, குளக்கரை முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடித்தபோது எனக்கு என் வீட்டுக்காரர் நினைப்பு வந்தது. ஒரு பொம்பளைக்கு இது பழகிப்போன விசயம், நடுநடுவே உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்துக்கொள்ளத் தெரியும். அவருக்கு உட்காரத் தெரியவில்லை.

அவர் தேய ஆரம்பித்திருந்தார். முதலில் காலடியில் தெரிந்தது, அவர் சுற்றின வட்டம் பாத்தி மாதிரி ஆழமாகிக்கொண்டே போனது. அப்புறம் பனியன் தொளதொளத்தது. அப்புறம் வார்த்தை. கபடி என்பது ஒருநாள் பபடி ஆனது. கொஞ்ச நாளில் முன்னெழுத்தெல்லாம் தேய்ந்து டி டி டி என்று மட்டும் வந்தது. உப்போடைக்காரர்கள், இது பாட்டே இல்லை, அவுட்டு கொடுங்கள் என்று கேட்டார்கள், எங்கள் ஊர்க்காரர்கள், கபடியில் டி இருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள், ஞானதுரை சார் காதைக் கையால் குவித்துக்கொண்டு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, பாட்டுத்தான் என்று சொல்லிவிட்டார். எனக்கோ பசியும் தெரியவில்லை, பிள்ளையைத் தேடுவதும் தெரியவில்லை. டி-யில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அதுவும் தேய்ந்துபோனால் அப்புறம் அந்தப் பனியனுக்குள் யார் இருப்பார்?

அந்த வாரத்தில்தான் ஊர்க்கூட்டம் போட்டு, மழை வருவதற்குள் திடலுக்குத் தகரக் கூரையும் சுற்றிலும் கம்பி வலையும் போடுவது என்று முடிவு செய்தார்கள். பாட்டுக்காரருக்குச் சளி பிடிக்கக் கூடாதாம். மாடு உள்ளே நுழையக் கூடாதாம். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் வரிசையில் நிற்க ஒரு வாசலாம். பொன்னுலிங்கம் மாமா என் வீட்டுக்கு வந்து, "வாசல்ல வைக்க அவன் பேரைப் பெரிசா வெட்டிக் குடு கோமு. இப்போ இருக்க மாதிரியே போடு, புள்ளியில்லாம" என்றார். நான் சரி மாமா என்றேன். வேறு என்ன சொல்ல? செ வெட்டினேன், ண் வெட்டினேன், அதற்குமேல் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு நானே கூண்டுக்குப் பெயர்ப்பலகை வெட்டுகிறேனே என்று தோன்றி, கத்தரித்த துண்டுகளையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டேன், நாற்றம் வீட்டை நிறைத்தது, தர்ஷினி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கம்பி வலைக்குக் கால் நடுகிற அன்று பூசை. கோயில் மண்டபத்தில் ஊருக்கே சாப்பாடு. உச்சி வெயிலில் இலை போட்டார்கள், ஞானதுரை சாருக்கும் இலை போட்டு, விசிலை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள், கொஞ்ச நேரம் பாடிக்கொண்டுதானே இருக்கப்போகிறான், யார் பார்த்தால் என்ன என்று. டீக்கடையும் பூட்டியிருந்தது. நான் தர்ஷினியை வடிவு மதினியிடம் கொடுத்துவிட்டு, இரவல் வாங்கின கரி இஸ்திரிப் பெட்டியில் கங்கு அள்ளிப் போட்டு, ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் மணைப்பலகையும், இடுப்பில் ஈரத்துண்டும், முந்தானை முடிச்சில் ஒரு புள்ளியுமாகத் திடலுக்குப் போனேன். கங்கின் அனல் தாங்காமல் கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனேன்.

எல்லைக்கோட்டோரம் உட்கார்ந்தேன். மிக்கேல் அண்ணன் கஞ்சிதான் என்று நினைத்துக் கை நீட்டினார். நான் கரிப்பெட்டியைக் கோட்டுக்கு மேலே நீட்டினேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது என்னன்னு தெரிஞ்சுதான் கொண்டுவந்தியா?"

"தெரியும் அண்ணே."

"நாங்க ஜெயிச்சிருவோம். நீங்க தோத்துருவீக."

"தெரியும்."

"ஊருக்குள்ள உன்னை விடுவானுவளா? எவ தோக்கடிச்சான்னு நாளைக்கு உன் வாசல்ல வந்து நிக்க மாட்டானுவளா? உங்கிட்ட எவன் பனியன் கொண்டுவருவான்?"

"பொழப்பு வேற பாத்துக்குவோம் அண்ணே. அவுக வந்தா ரெண்டு பேருமாப் பாத்துக்குவோம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் மற்ற ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். "முந்தியே பிடிச்சிருந்தா ஒண்ணுமில்ல. அப்போ எதிராளி" என்றார் மிக்கேல் அண்ணன். "இப்போ எங்கையால கஞ்சி ஊத்தியாச்சு, சவரம் பண்ணியாச்சு. அவனைக் கீழ தள்ளுததுக்குக் கை வரமாட்டேங்கு. அவனும் இதைக் கேக்கானான்னு தெரியலையே தங்கச்சி."

அப்போது என் வீட்டுக்காரர் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். பாத்தி ஆழத்தில் முட்டி வரைக்கும் மறைந்திருந்தது. டி டி என்று கொசு பறக்கிற சத்தம். நான் எழுந்து நின்று, "அத்தான், நிக்கணுமா?" என்று கேட்டேன். அவர் வாய் அசைந்தது, டி டி, என்னைத் தாண்டிப் போனார், ஆனால் போகும்போது இரண்டு கையையும் முதுகுப்பக்கம் கொண்டுபோய், எட்டாத இடத்தில் அரிக்கிறவரைப் போல, பனியனில் கடைசி எழுத்து இருக்கிற இடத்தை விரலால் தேடிக்கொண்டே போனார். விரல் எட்டவில்லை. தேடிக்கொண்டே போனார்.

மிக்கேல் அண்ணன் அதைப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். நான் பலகையைக் கொடுத்தேன், துண்டைக் கொடுத்தேன், முடிச்சை அவிழ்த்துப் புள்ளியை அவருடைய வெடித்த உள்ளங்கையில் வைத்தேன். மண்டபத்தில் பாயாசத்துக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலைப் பிடிக்காதீய, இடது முட்டி அவுகளுக்கு ஆகாது, இடுப்பைப் பிடிங்க. குப்புறப் போட்டு, துண்டை முதுகுல விரிச்சு, அதுக்கு மேல பலகையைச் சொருகுங்க. புள்ளி கொஞ்சம் கோணினாலும் பரவாயில்ல. பெட்டியை வச்சு, ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லுத நேரம் அமுக்குங்க. அவுக கத்தினாலும் எடுத்துராதீய அண்ணே, பாதியில எடுத்தா ஒட்டாது. முழுசாச் சொல்லி முடிங்க."